சென்னை கிழக்கே, விமானம் வடக்கே! ஓசூர்க்காரர்களின் விசித்திரக் கணக்கு

ஓசூரில் இருந்து சென்னை எவ்வளவு தூரம்?

இந்தக் கேள்விக்கு ஓசூரில் மூன்று பதில் உண்டு. மூன்றுமே சரி!

லாரி டிரைவரைக் கேட்டால், "முன்னூத்திப் பத்து கிலோமீட்டர் சார்" என்பார். தேசப்படத்தில் ஸ்கேல் வைத்து அளக்கும் பள்ளிக்கூடத்துப் பையனைக் கேட்டால், 270 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்பான். பிளைட்டில் போய் வந்த கம்பெனி மானேஜரைக் கேட்டால், "தூரத்தை விடுங்க சார், ஒரு பகல் பொழுது போச்சு" என்பார்.

சென்னை இருப்பது ஓசூருக்குக் கிழக்கே. ஆனால் சென்னைக்கு விமானம் ஏற வேண்டுமானால் ஓசூர்க்காரர் முதலில் வடக்கே போகணும். பக்கத்து மாநிலத்துக்குள் நுழையணும். பெங்களூரு நகரை ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை கடக்கணும். அதற்குப் பிறகுதான் விமானம் கண்ணில் படும்!

எல்லையில் இருக்கும் ஊருக்கு வந்த வினை இது.

காக்கா பறந்தால்...

ஓசூரில் இருந்து ஒரு காக்கா சென்னைக்கு நேராகப் பறப்பதாக வைத்துக்கொள்வோம். அது ஆந்திராவில் குப்பம் பக்கமாகப் போகும். வேலூர் கோட்டைக்கு மேலே பறக்கும். பிறகு சென்னை. மொத்தம் ஏறக்குறைய 267 கிலோமீட்டர்.

சாலை அப்படிப் போகவில்லை. ஓசூரில் இருந்து சூளகிரி வழியாகத் தென்கிழக்கே இறங்கி 50 கிலோமீட்டரில் கிருஷ்ணகிரிக்கு வருகிறது. அங்கே ஒரு திருப்பம். சேலம் போகிறவர்கள் தெற்கே பிரிகிறார்கள். சென்னை போகிறவர்கள் பர்கூர், நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர் என்று பாலாற்றுப் பக்கமாக ஏறி வேலூரைப் பிடிக்கிறார்கள். அந்த ஒரு வளைவுதான் காக்காவுக்கும் லாரிக்கும் உள்ள வித்தியாசம். சுமார் 40 கிலோமீட்டர்.

40 கிலோமீட்டர் என்பது நல்ல சாலையில் முக்கால் மணி நேரம். அவ்வளவுதான்! அதாவது, ஆகாய மார்க்கமாகப் போவதால் ஓசூர்க்காரருக்குத் தூரத்தில் பெரிய லாபம் இல்லை. வேகத்தில்தான் லாபம் கிடைக்கணும். கிடைக்கிறதா?

ஒரு மணி, ஆறு மணி ஆன கதை

கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தேவனஹள்ளியில் உள்ள கெம்பே கவுடா விமான நிலையத்தில் இருந்து சென்னை மீனம்பாக்கம் வான்வழியில் 270 கிலோமீட்டர் வாக்கில் வரும். மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் ஜெட் விமானத்துக்கு இது 20 நிமிட வேலை. ஆனால் விமானம் லிப்ட் மாதிரி நேராக ஏறி நேராக இறங்குவதில்லை. ஓடுபாதை வரை ஊர்ந்து போகணும். வரிசையில் நிற்கணும். உயரம் ஏறணும். முழு வேகம் பிடிப்பதற்குள் இறங்க ஆரம்பிக்கணும். ஆகவே கால அட்டவணையில் ஒரு மணி நேரம் என்று போடுகிறார்கள்.

சரி, ஒரு மணி நேரம்தானே? பரவாயில்லையே!

அதுதான் இல்லை!

ஓசூரில் இருந்து தேவனஹள்ளி 75 முதல் 80 கிலோமீட்டர். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி சுங்கச்சாவடி. அப்புறம் எலக்ட்ரானிக் சிட்டி. 2010-ல் திறந்த மேம்பாலத்தில் ஏறினால் கொஞ்ச நேரம் பறக்கலாம். இறங்கும் இடம் சில்க் போர்டு ஜங்ஷன்! பெங்களூருக்காரர்களே பெருமூச்சு விடும் இடம். அதைத் தாண்டி வெளிவட்டச் சாலை, ஹெப்பால், பிறகு தேவனஹள்ளி. விடியற்காலை என்றால் இரண்டு மணி நேரம். ஆபீஸ் நேரம் என்றால் மூன்று மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு கிளம்புவதுதான் புத்திசாலித்தனம்.

உள்நாட்டு விமானங்களுக்குக் கவுண்டரை ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடிவிடுகிறார்கள். அதனால் ஒன்றரை மணி நேரம் முன்னால் போய் நிற்கணும். அப்புறம் ஒரு மணி நேரப் பயணம். சென்னையில் இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி. மெட்ரோ ரயில் பிடித்து சென்ட்ரல் பக்கம் வர இன்னொரு முக்கால் மணி.

கூட்டிப் பாருங்கள். இரண்டரை, ஒன்றரை, ஒன்று, அரை, முக்கால். மொத்தம் ஆறேகால் மணி நேரம்!

காரில் போனால்? ஐந்து மணி, ஐந்தரை மணி நேரத்தில் சென்னை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஆறேழு மணி. நடுவில் ஆம்பூரில் பிரியாணியும் சாப்பிடலாம்!

டிக்கெட் காசு, தேவனஹள்ளிக்கு டாக்சி காசு இரண்டையும் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் போனவருக்கு முன்னேபின்னே போய்ச் சேருவதுதான் ஓசூர்க்காரரின் விமானப் பயணம்.

கிருஷ்ணகிரியில் இன்னும் வேடிக்கை

ஓசூராவது பரவாயில்லை. கிருஷ்ணகிரிக்காரர் பாடு இன்னும் வேடிக்கை.

அவர் தேவனஹள்ளி போய்ச் சேர 125 கிலோமீட்டருக்கு மேல் ஓடணும். அதே 125 கிலோமீட்டரைக் கிழக்கே ஓட்டியிருந்தால் வேலூர் வந்திருக்கும். சென்னைக்குப் பாதித் தூரம் முடிந்திருக்கும்!

"விமானத்துக்குப் போற நேரத்துல ஊருக்கே போய்டலாம்" என்று டீக்கடையில் பேசிக்கொள்வதில் தப்பே இல்லை.

அப்படியானால் இந்தப் பகுதிக்கு விமானமே வேண்டாமா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. சென்னையை மறந்துவிட்டு டெல்லி, மும்பை, சிங்கப்பூர் என்று பாருங்கள். டெல்லிக்குச் சாலையில் போக இரண்டு நாள் மூன்று நாள் ஆகும். விமானம் பறப்பது மூன்று மணி நேரத்துக்குள். அந்தப் பயணத்தில், ஓசூரில் இருந்து தேவனஹள்ளி போக ஆகும் இரண்டரை மணி நேரம்தான் உறுத்துகிறது. ஆகாயத்தில் ஆகிற நேரம் அளவுக்குத் தரையிலும் ஆகிறது!

2008-ல் தள்ளிப்போனது

முன்பெல்லாம் இவ்வளவு கஷ்டம் இல்லை.

சிப்காட் தொழிற்பேட்டை வந்து, 1980-ல் அசோக் லேலண்ட் தொழிற்சாலை ஓட ஆரம்பித்து, டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்து, பின்னாலேயே டைட்டன் கைக்கடிகாரமும் வந்தபோது, பெங்களூரு விமான நிலையம் எச்.ஏ.எல். வளாகத்தில் இருந்தது. அது ஊரின் கிழக்குப் பக்கம். ஓசூரில் இருந்து 40 கிலோமீட்டருக்குள். காலை விமானத்தில் வரும் என்ஜினீயர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் தொழிற்சாலைக்குள் இருப்பார்.

2008-ம் ஆண்டு மே 24-ந் தேதி தேவனஹள்ளி விமான நிலையம் திறந்தது. எச்.ஏ.எல்.லில் இருந்து பயணிகள் விமானப் போக்குவரத்து மாறியது. புது நிலையம் ஊருக்கு வடக்கே.

அன்று ராத்திரியோடு ராத்திரியாக ஓசூருக்கும் விமானத்துக்கும் இருந்த தூரம் இரண்டு மடங்கானது! ஓசூர் நகரவில்லை. சென்னையும் நகரவில்லை. விமான நிலையம் நகர்ந்தது.

150 கிலோமீட்டர் வட்டம்

"சரி, ஓசூரிலேயே ஒரு விமான நிலையம் கட்டினால் என்ன?" யாருக்கும் தோன்றும் கேள்விதான். பதில் 2004-ம் ஆண்டுக் காகிதம் ஒன்றில் இருக்கிறது.

தேவனஹள்ளி நிலையத்தைத் தனியார் பங்கோடு கட்டுவதற்காக மத்திய அரசு அந்த ஆண்டு ஒப்பந்தம் போட்டது. அதில் ஒரு ஷரத்து: இந்த நிலையத்தில் இருந்து வான்வழித் தூரத்தில் 150 கிலோமீட்டருக்குள், மைசூரு, ஹாசன் தவிர, வேறு சர்வதேச விமான நிலையம் உருவாக 25 ஆண்டுகளுக்கு அனுமதி இல்லை. திறந்தது 2008. ஆகவே 2033 வரை கதவு சாத்தியாயிற்று.

கவனியுங்கள்! சாலைத் தூரம் இல்லை, வான்வழித் தூரம். அதாவது காக்கா பறக்கும் தூரம். சாலையில் 80 கிலோமீட்டர் சுற்றும் ஓசூர், காக்கா கணக்கில் தேவனஹள்ளியில் இருந்து 53 கிலோமீட்டர்தான். வட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டது!

பணம் போட்டுக் கட்டுகிறவருக்குப் போட்டி இல்லாத காலம் கொஞ்சம் வேண்டும் என்பது ஒரு நியாயம். ஆனால் அந்த வட்டம் மாநில எல்லையைப் பார்த்து வரைந்ததல்ல. ஓசூர், கிருஷ்ணகிரி இரண்டும் அதற்குள் விழுந்தன.

சேலம் தப்பியது

ஒரே ஒரு ஊர் மயிரிழையில் தப்பியது. அது சேலம்!

ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம், தேவனஹள்ளியில் இருந்து காக்கா கணக்கில் சுமார் 160 கிலோமீட்டர். வட்டத்துக்கு வெளியே. 2018-ல் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சென்னைக்கு விமானம் வந்தது. 2021-ல் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடியும் விமானங்கள் வந்தன.

உடான் என்பது சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் திட்டம். ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சுமார் 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்து ஒரு பகுதி சீட்டுகளை விற்க ஏற்பாடு. அந்தத் திட்டத்தில் ஓசூர் பெயரும் அடிபட்டது. ஆனால் பெங்களூரு ஒப்பந்தம் குறுக்கே நின்றது.

கிருஷ்ணகிரியில் இருந்து காமலாபுரம் 100 கிலோமீட்டருக்குள். சாலை நெரிசல் இல்லை. ஆனால் தெற்கே 100 கிலோமீட்டர் ஓடி, பிறகு வடகிழக்கே சென்னைக்குப் பறப்பதும் மூக்கைச் சுற்றித் தொடுகிற கதைதான்.

ஓடுபாதை உண்டு, பயணி இல்லை

இன்னொரு வேடிக்கை. ஓசூரில் விமான ஓடுபாதை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிறது!

தளி ரோட்டுப் பக்கம் பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் என்ற கம்பெனிக்குச் சொந்தமாகச் சுமார் 7,000 அடி நீள ஓடுபாதை உண்டு. 1990-களில் சிறு விமானங்களைத் தயாரித்த இடம். விமானங்கள் பழுது பார்ப்புக்கு வந்து போகிற இடம். அக்கம்பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் விமானம் இறங்குவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். டிக்கெட் வாங்கி ஏறத்தான் வழியில்லை.

இந்த நிலையில்தான் 2024-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி சட்டசபையில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் 110-வது விதியின் கீழ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் சர்வதேச விமான நிலையம் அமையும் என்பது அறிவிப்பு. அதற்குப் பிறகு இடம் பார்க்கும் வேலை நடந்தது. சூளகிரி தாலுகாவில் பேரிகை, பாகலூர் பக்கம் எல்லோர் வாயிலும் இதே பேச்சானது.

ஆனால் அறிவிப்புக்கும் விமானத்துக்கும் நடுவே மூன்று கதவுகள். ஒன்று, 2033 வரை உள்ள அந்த ஒப்பந்தம். இரண்டு, ஆகாயம். ஓசூருக்கு மேலே உள்ள வானம் பெங்களூரு எச்.ஏ.எல்.லின் சோதனை விமானங்களும் ராணுவ விமானங்களும் பறக்கும் பகுதியை ஒட்டியது. பாதுகாப்பு அமைச்சகம் தலையாட்டினால்தான் நடக்கும். மூன்றாவது கதவு, நிலம்.

ரோஜாவும் ராகியும்

ஓசூர் என்றால் தொழிற்சாலை மட்டும் இல்லை. ரோஜாவும் உண்டு.

அமுதகொண்டப்பள்ளியில் டிட்கோ பங்கோடு நடக்கும் டான்புளோரா பூங்கா உள்பட, சுற்றுவட்டாரம் பூராவும் பிளாஸ்டிக் கூரைக்குள் ரோஜா வளர்க்கிறார்கள். பிப்ரவரி 14 வந்தால் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் என்று பறக்கிறது. எந்த விமானத்தில்? தேவனஹள்ளியில் இருந்துதான்!

பூவுக்கு ஆயுசு குறைவு. குளிர்பதன வண்டியில் ஏற்றி, சில்க் போர்டில் நின்று நின்று போனால் நஷ்டம் யாருக்கு? மனுஷன் தாமதமானால் அடுத்த பிளைட் பிடிப்பான். வாடிய ரோஜாவை யாரும் வாங்கமாட்டார்கள். பூ விவசாயிக்கு விமான நிலையம் பக்கத்தில் வந்தால் லாபம்தான்.

ஆனால் அதே பகுதியில் தக்காளி, முட்டைக்கோஸ், ராகி போட்டுப் பிழைக்கிற சின்ன விவசாயியும் இருக்கிறார். 2,000 ஏக்கர் என்பது காகிதத்தில் ஓர் எண். அவருக்கு அது கிணறு, மோட்டார், மாட்டுக்கொட்டகை, பிள்ளை படிப்பு. தூரம் யாருக்குக் குறைகிறது, அதற்கு விலை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை எந்தக் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்திலும் தவிர்க்க முடியாது.

ரயில் எங்கே சார்?

விமானப் பேச்சில் எல்லோரும் மறந்துவிடுகிற சங்கதி ஒன்று இருக்கிறது. சென்னைக்கு நேர் ரயில்!

ஓசூரில் ரயில் நிலையம் உண்டு. ஆனால் அது பெங்களூரு, தர்மபுரி, சேலம் பாதையில் இருக்கிறது. சென்னைக்குப் போக பெங்களூரு போய்த் திரும்பினால் 400 கிலோமீட்டருக்கு மேல். சேலம் சுற்றினால் 500-ஐ நெருங்கும். சாலையில் 310 கிலோமீட்டர் உள்ள ஊருக்கு ரயிலில் 500!

கிருஷ்ணகிரிக்கு அதுவும் கிடையாது. மாவட்டத் தலைநகர். 2004-ல் தர்மபுரியில் இருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ரயில் நிலையம் இல்லை!

ஆனால் ஒரு காலத்தில் இருந்தது என்றால் நம்புவீர்களா? வெள்ளைக்காரன் காலத்தில், 1905 முதல் திருப்பத்தூரில் இருந்து கிருஷ்ணகிரிக்குக் குறுகிய பாதையில் குட்டி ரயில் ஓடியது. மொரப்பூரில் இருந்து தர்மபுரி வழியாக ஓசூருக்கும் ஒரு குட்டி ரயில் வந்தது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில், 1941-ல் இரண்டையும் மூடிவிட்டார்கள். கிருஷ்ணகிரி பாதை போனது போனதுதான்.

ஜோலார்பேட்டையில் இருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் புதுப்பாதை வேண்டும் என்று எத்தனையோ காலமாகக் கேட்கிறார்கள். நூறு கிலோமீட்டர் வாக்கில் வரும். சென்னை - ஜோலார்பேட்டை ஏற்கனவே வேகமான ரயில் ஓடும் பாதை. 2022 நவம்பரில் இருந்து வந்தே பாரத் ஓடுகிறது. அந்த நூறு கிலோமீட்டர் மட்டும் சேர்ந்தால் ஓசூரில் ஏறியவர் நாலு, நாலரை மணி நேரத்தில் சென்ட்ரலில் இறங்கலாம். கவுண்டரில் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டாம். சில்க் போர்டும் வேண்டாம்!

பிரான்சு நாட்டில் 2023-ல் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய ஊர்களுக்கு விமானம் வேண்டாம் என்று, பாரீசின் ஓர்லி நிலையத்தில் இருந்து மூன்று ஊர்களுக்கு விமானத்தை நிறுத்திவிட்டார்கள். அங்கே ரயில் இருக்கிறது, நிறுத்தினார்கள். இங்கே?

சாலையும் விலகுகிறது

கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டிய செய்தியும் உண்டு. பெங்களூரு - சென்னை விரைவுச்சாலை 262 கிலோமீட்டர். ஹொஸ்கோட்டையில் தொடங்கி, கோலார் தங்கவயல் பக்கமாக, சித்தூர், ராணிப்பேட்டை வழியாக ஸ்ரீபெரும்புதூர் வருகிறது. ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் அது தொடவே இல்லை!

நெரிசல் குறையும் என்று டிரைவர்கள் சந்தோஷப்படலாம். நெடுஞ்சாலையை நம்பி ஓட்டலும் பஞ்சர் கடையும் வைத்திருப்பவர்கள் யோசிக்கணும்.

ஆறுதலாக ஒன்று உண்டு. பெங்களூரைச் சுற்றி அமைக்கும் துணைநகர் வட்டச்சாலை, ஓசூர் பக்கமாக வந்து ஹொஸ்கோட்டை, தேவனஹள்ளியை இணைக்கத் திட்டமிட்டது. அது முழுதாக முடிந்தால், பெங்களூரு நகருக்குள் தலைகாட்டாமலேயே விமானம் பிடிக்கலாம். புது விமான நிலையத்துக்கு 2033 வரை காத்திருப்பவர்களுக்கு, அதற்கு முன்னால் கைக்கு எட்டக்கூடியது இதுதான்.

பயணிகள் கவனத்துக்கு

ஆகவே, ஓசூர், கிருஷ்ணகிரி பயணிகள் மனதில் வைக்க வேண்டிய கணக்கு இது: டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்க்காதீர்கள். வீட்டுப் படி இறங்கியதில் இருந்து போகிற இடத்துப் படி ஏறும் வரை எண்ணுங்கள். சென்னைக்கு என்றால் பஸ்ஸோ காரோ போதும். வேலூர் தாண்டிவிட்டால் பாதி முடிந்தது. டெல்லி, மும்பை என்றால் விமானம். ஆனால் தேவனஹள்ளிக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

அதிகாரிகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. விமான நிலையம் வரும்போது வரட்டும். நிலம் கொடுப்பவருக்கு நியாயமான விலையும் மாற்று வழியும் முதலில் வரட்டும். அதற்கு முன்னால், ஜோலார்பேட்டையில் இருந்து அந்த நூறு கிலோமீட்டர் தண்டவாளம்!

1941-ல் பிடுங்கிய ரயிலைக் கிருஷ்ணகிரிக்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ரெயில்வே இலாகா காதில் விழுமா?